விலா எலும்பை எண்ணத் தெரியுமா? அவசர சிகிச்சையும் அனாட்டமி வகுப்பும் சந்திக்கிற இடம்

கேள்வி இதுதான்: "என் அக்கா மகள் ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் வேலை பார்க்கிறாள். இப்போது அவசர சிகிச்சை, அனாட்டமி (உடற்கூறியல்) கற்பித்தல் இரண்டையும் சேர்த்து ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். அப்படி ஒரு துறை உண்மையிலேயே இருக்கிறதா? பிணம் அறுக்கிற வேலையா என்று பாட்டி கேட்கிறார். என்ன சொல்வது?"

முதலில் பாட்டிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்மார்ட்டம் வேறு, இது வேறு. போஸ்ட்மார்ட்டம் ஒருவர் எப்படி இறந்தார் என்று பார்ப்பது. உங்கள் அக்கா மகள் செய்ய நினைப்பது, இன்னும் இறக்காத ஒருவருக்கு ஊசியை எங்கே குத்த வேண்டும் என்பதை இன்னொருவருக்குச் சரியாகச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று கண்டுபிடிக்கிற வேலை. அதற்காக டிசெக்‌ஷன் ஹாலுக்குள், அதாவது உடலை அறுத்துப் படிக்கிற கூடத்துக்குள், போக வேண்டி வரலாம். ஆனால் பெரும்பாலான நாள் மார்க்கர் பேனா, ஸ்கேல், கம்ப்யூட்டர், அப்புறம் ஆராய்ச்சிக்கு அனுமதி தருகிற எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதும் கடிதங்கள் என்றுதான் போகும்.

துறை இருக்கிறதா என்றால், நன்றாகவே இருக்கிறது. பல வருடமாக அனாட்டமி நடத்துகிறவன் நான். எம்.பி.பி.எஸ். பிள்ளைகளோடு ஆம்புலன்ஸில் போகிறவர்களுக்கும் வகுப்பு எடுக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கே இதன் அருமை புரிந்தது. பொதுவாகச் சொன்னால் மங்கலாக இருக்கும். ஒரே ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம்.

பைக் விபத்து. மார்பில் பலத்த அடி. விலா முறிந்து நுரையீரலில் ஓட்டை விழுந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் காற்று நுரையீரலுக்கு வெளியே, மார்புச் சுவருக்கு உள்ளே கசிகிறது. போகிற காற்று திரும்பி வருவதில்லை. சைக்கிள் டியூப் வால்வு மாதிரி. காற்று ஏற ஏற அந்தப் பக்க நுரையீரல் சுருண்டுவிடும், இதயம் மறுபக்கம் தள்ளப்படும், இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் குறையும். இதற்கு டென்ஷன் நியூமோதொராக்ஸ் என்று பெயர். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஒரு தடித்த ஊசியை மார்பில் குத்தினால் 'ஸ்ஸ்' என்று காற்று வெளியேறும், ஆள் பிழைத்துக்கொள்வார். குழாய் போடுவதெல்லாம் அப்புறம்.

குத்த வேண்டிய இடம் எது? பல பத்தாண்டுகளாக எல்லாப் புத்தகத்திலும் ஒரே பதில்தான்: இரண்டாவது விலா இடைவெளி, காரை எலும்பின் நடுவிலிருந்து நேராகக் கீழே இறங்கும் கோட்டில். ஒரு வரிதான், பரீட்சையில் எழுதினால் முழு மார்க்.

2005இல் பிரிட்டனில் இருந்து ஒரு குட்டி ஆய்வு வெளியானது. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவசர சிகிச்சை மருத்துவர்கள் 25 பேரைக் கூப்பிட்டு முதலில் வாயால் கேட்டார்கள்: இடம் எது? 22 பேர் சரியாகச் சொன்னார்கள். பிறகு சட்டையைக் கழற்றி உட்கார்ந்திருந்த ஓர் ஆளைக் காட்டி, இவர் உடம்பில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள் என்றார்கள். சரியான இடைவெளியைக் காட்டியவர்கள் 15 பேர்தான். அதுவும் புள்ளிகள் காரை எலும்பின் நடுக்கோட்டுக்கு உள்பக்கமாக, அதாவது இதயத்தை நோக்கி நகர்ந்து விழுந்திருந்தன. இவர்கள் மாணவர்கள் இல்லை, தினம் கேஷுவாலிட்டியில் நிற்கிறவர்கள். பெரும்பாலோர் விபத்துச் சிகிச்சைக்கான ஏ.டி.எல்.எஸ். பயிற்சி முடித்தவர்கள்.

இதைப் படித்த வாரமே என் வகுப்பில் நானும் செய்து பார்த்தேன். பொட்டு மாதிரி வட்டமான ஸ்டிக்கர்களை ஆளுக்கொன்று கொடுத்து, முன்வந்த ஒரு பையனின் மார்பில் ஒட்டச் சொன்னேன். முதலில் வந்தவர் ஒட்டிய இடத்தைப் பார்த்துத்தான் இரண்டாமவர் ஒட்டினார், அவரைப் பார்த்து மூன்றாமவர். கடைசியில் பத்துப் பன்னிரண்டு ஸ்டிக்கர் ஒரே இடத்தில் மாம்பழத்தில் ஈ மொய்த்த மாதிரி கூடியிருந்தன. மொத்தக் கூட்டமும் ஒரு விலா கீழே இறங்கியிருந்தது. அன்று எனக்கு இரண்டு பாடம். ஒன்று, என் பாடம் விரலுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொன்று, சோதனையைச் செய்த விதமே தப்பு. முந்தைய ஆளின் புள்ளி அடுத்தவர் கண்ணில் படக்கூடாது. அதற்கு என்ன வழி என்று பிறகு சொல்கிறேன்.

ஏன் தப்புகிறது? காரணம் சோம்பேறித்தனம் இல்லை, உடம்பின் அமைப்பு. முதல் விலா காரை எலும்புக்கு அடியில் ஒளிந்திருக்கும், விரலுக்குச் சுலபத்தில் சிக்காது. அதனால் எங்கே எண்ண ஆரம்பிப்பது என்பதிலேயே குழப்பம் வந்துவிடுகிறது. கோடும் அப்படித்தான். காரை எலும்பின் வெளிமுனை தோள் சதையோடு கலந்திருப்பதால், கண்ணுக்குத் தெரிகிற அளவை மட்டும் முழு எலும்பு என்று எடுத்துக்கொள்கிறோம். எலும்பு குட்டையாகத் தெரிந்தால் அதன் 'நடு' தானாகவே உள்ளே நகர்ந்துவிடும். உள்ளே நகர்ந்தால் மார்பெலும்பின் ஓரமாக ஓடும் தமனி இருக்கிறது, இன்னும் உள்ளே போனால் இதயமும் பெரிய ரத்தக்குழாய்களும்.

சரியான வழி என்ன? தொண்டைக்குழியில் விரலை வையுங்கள். மார்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். அங்கிருந்து நேராகக் கீழே தடவிக்கொண்டே வந்தால், ஏறக்குறைய இரண்டு அங்குலத்தில் குறுக்காக ஒரு மேடு நெருடும். அந்த மேட்டிலிருந்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் நேராக இரண்டாவது விலாவில் ஏறும். அதற்குக் கீழே இருக்கும் பள்ளம்தான் இரண்டாவது இடைவெளி. ஊசியைக் கீழே இருக்கிற விலாவின் மேல் விளிம்பை ஒட்டிக் குத்த வேண்டும், ஏனென்றால் ரத்தக்குழாயும் நரம்பும் ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பை ஒட்டித்தான் ஓடுகின்றன. இதையெல்லாம் நான் படமாகப் போட்டுக் காட்டியபோது யாருக்கும் மனதில் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தங்கள் மார்பிலேயே தேடச் சொன்ன பிறகு நின்றது. (இது என் வகுப்பில் நான் பார்த்தது. ஆய்வு என்று சொல்ல மாட்டேன்.)

இதுவரை கற்பித்தல் பக்கம். இனி அனாட்டமி பக்கம்.

இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தாலும் ஊசி உள்ளே போய்ச் சேர வேண்டுமே? மார்பின் முன்பக்கம் தோலுக்கு அடியில் கொழுப்பு, அதற்கு அடியில் பெரிய மார்புத் தசை. உடற்பயிற்சி செய்கிற ஆளுக்குத் தசை தடிமன், உட்கார்ந்தே இருக்கிற ஆளுக்குக் கொழுப்பு தடிமன். லாஸ் ஏஞ்சல்ஸில் கென்ஜி இனாபா என்ற விபத்துச் சிகிச்சை நிபுணரும் குழுவினரும் 2011இல் 20 இறந்த உடல்களில் இதைச் சோதித்தார்கள். ஒவ்வோர் உடலிலும் இரண்டு பக்கமும் பழைய இடத்தில் ஓர் ஊசி, அக்குளுக்குக் கீழே ஐந்தாவது விலா இடைவெளியில் ஓர் ஊசி. பிறகு மார்பைத் திறந்து எது உள்ளே எட்டியிருக்கிறது என்று பார்த்தார்கள். பக்கவாட்டில் குத்திய 40 ஊசிகளும் எட்டியிருந்தன. முன்பக்கம் குத்தியதில் எட்டியவை 23தான். சுவரின் தடிமன் முன்பக்கம் சராசரி 4.5 சென்டிமீட்டர், பக்கவாட்டில் 3.5. வித்தியாசம் ஒரே ஒரு சென்டிமீட்டர்.

2018இல் வந்த ஏ.டி.எல்.எஸ். பயிற்சிக் கையேட்டின் பத்தாம் பதிப்பு பெரியவர்களுக்கு இடத்தை மாற்றியது: நான்காவது அல்லது ஐந்தாவது இடைவெளி, அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால். குழந்தைகளுக்குப் பழைய இடமே. இப்படி ஒரு வரி மாற, பிணவறையில் ஸ்கேலோடு நின்றவர்களும் சி.டி. ஸ்கேன் படங்களில் தடிமன் அளந்தவர்களும் வருடக்கணக்கில் வேலை செய்திருக்கிறார்கள். உங்கள் அக்கா மகள் நுழைய நினைக்கிற துறை இதுதான்.

ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. புது இடம் ஆஸ்பத்திரி மேஜையில் நன்றாக வேலை செய்யும். ஆம்புலன்ஸுக்குள் யோசித்துப் பாருங்கள். ஆளை ஸ்ட்ரெச்சரில் கட்டியிருக்கிறது, கைகள் உடம்போடு ஒட்டியிருக்கின்றன. கையைத் தூக்கினால்தான் அந்த இடமே தெரியும். குத்திவிட்டுக் கையைக் கீழே இறக்கினால் ஊசியோடு உள்ளே போன பிளாஸ்டிக் குழாய் மடங்கி அடைத்துக்கொள்ளலாம். வண்டியில் ஒரு பக்கம் சுவர் வேறு. பெண்களுக்கு முலைக்காம்பை அடையாளமாக வைத்து எண்ண முடியாது. ஒரு விலா கீழே போய்விட்டால் உதரவிதானம், வலப்பக்கம் என்றால் கல்லீரல், இடப்பக்கம் என்றால் மண்ணீரல். 'அக்குளில் ஒரு கை அகலம் கீழே' என்று சிலர் சுலப வழி சொல்லித்தருவார்கள். யாருடைய கை? நோயாளியுடையதா, குத்துகிறவருடையதா? கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் உட்கார்ந்து அளந்து பார்த்தால் ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் போதுமான கேள்வி இது.

நம் ஊர்க் கேள்வி ஒன்றும் இருக்கிறது. கேஷுவாலிட்டியில் கைக்குக் கிடைப்பது ஆரஞ்சு நிற 14 கேஜ் வென்ஃப்ளான், அதாவது ரத்தக்குழாயில் மருந்து ஏற்றப் போடுகிற தடித்த ஊசிக் குழாய். அதன் நீளம் 45 மில்லிமீட்டர். மேலே சொன்ன ஆய்வில் முன்பக்கச் சராசரித் தடிமனும் அதேதான். அதாவது சராசரிக்கு மேலே இருக்கிற ஆளுக்கு ஊசி நுனி காற்றைத் தொடாமலே நின்றுவிடும். பத்தாம் பதிப்பே இதைச் சொல்கிறது: 5 சென்டிமீட்டர் ஊசி பாதிப் பேருக்குச் சற்று மேல்தான் எட்டும், 8 சென்டிமீட்டர் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எட்டும். ஆனால் அந்த நீள ஊசி ஒல்லியான ஓர் உழவருக்கு அதிகமாகிவிடாதா? இதை அமெரிக்க உடல்களின் அளவை வைத்து நாம் முடிவு செய்யக் கூடாது. உங்கள் அக்கா மகள் வேலை பார்க்கிற மருத்துவமனையிலேயே விபத்து நோயாளிகளின் மார்பு சி.டி. படங்கள் கம்ப்யூட்டரில் கிடக்கும். உரிய அனுமதி வாங்கி, பெயரை நீக்கிவிட்டு, இரண்டு இடத்திலும் தடிமனை அளந்தாலே உருப்படியான முதல் ஆய்வு.

கழுத்துக்கு வருவோம், சுருக்கமாக. மூச்சுக்குழாயில் டியூப் போடவும் முடியவில்லை, மாஸ்க் வைத்துக் காற்றுக் கொடுக்கவும் முடியவில்லை என்றால் கடைசி வழி, குரல்வளை மணிக்குச் சற்றுக் கீழே இருக்கிற மெல்லிய சவ்வைத் திறப்பது. பிரிட்டனில் மயக்க மருத்துவர்கள் நாடு முழுவதும் ஒரு வருடம் கணக்கெடுத்து, 2011இல் நாப்-4 என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். அந்தச் சவ்வில் ஊசிக் குழாயைச் செருகும் முறை ஏறக்குறைய 60 விழுக்காடு தோற்றிருந்தது. சாவு விளிம்பில் நிற்கிற நோயாளிக்குக் கடைசி வழியே பாதிக்கு மேல் தவறினால் என்ன செய்வது? 2015இல் அந்நாட்டு டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி ஊசியை விட்டுவிட்டுக் கத்திக்கு மாறச் சொன்னது: கத்தி, பூஜி என்கிற நீளக் குச்சி, 6ஆம் நம்பர் டியூப். அவ்வளவுதான், பெட்டி நிறையச் சாமான் வேண்டாம்.

எனக்கு அதில் பிடித்தது கத்தி இல்லை, அதற்கு முன்னால் வருகிற படி. கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் வைத்துக் குரல்வளை முழுவதையும் பிடித்து இப்படியும் அப்படியும் லேசாக அசைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். குரல்வளையோடு கைகுலுக்குவது என்று அதற்குச் செல்லப்பெயர். ஒரு விரலால் புள்ளியைத் தேடாமல் கையால் மொத்த வடிவத்தையும் உணர்ந்து, பிறகு நடுவைக் கண்டுபிடிக்கிற முறை. பருமனான கழுத்தில் எதுவுமே கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் நடுக்கோட்டில் 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்குச் செங்குத்தாகக் கீறி, விரலை உள்ளே விட்டுத் தேடச் சொல்கிறார்கள். அனாட்டமி வாத்தியார் யாராவது அந்தக் கமிட்டியில் இருந்திருப்பாரோ என்று நினைக்கத் தோன்றும்.

இதையெல்லாம் எதன் மேல் பழகுவது? பாட்டியின் கேள்விக்கு இங்கே மறுபடி வருகிறோம். நம் ஊரில் டிசெக்‌ஷன் ஹால் என்றால் பார்மலின். கதவைத் திறந்ததும் கண் எரியும். பார்மலினில் ஊறிய உடல் பல மாதம் கெடாமல் இருக்கும், ஆனால் விறைத்துப்போகும். தோல் தோல்செருப்பு மாதிரி ஆகிவிடும், வாய் திறக்காது, கழுத்து மடங்காது. நரம்பும் தமனியும் எங்கே போகின்றன என்று படிக்க அது போதும். டியூப் போடவோ ஊசி குத்தவோ பழக அது உதவாது. கையில் அந்த 'சளக்' என்ற உணர்வு வராது.

ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் வால்டர் டீல் என்ற உடற்கூறியல் பேராசிரியர் 1992இல் வேறொரு முறையை வெளியிட்டார். உப்புகள், போரிக் அமிலம், மிகக் குறைந்த பார்மலின் கொண்ட கரைசல். அதில் பதப்படுத்திய உடலின் மூட்டுகள் மடங்கும், நிறம் ஓரளவு மாறாமல் இருக்கும், வாய் திறக்கும், அல்ட்ராசவுண்டில் படம் தெரியும். நுரையீரலுக்குள் காற்றை அடித்தால் விரியும். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இந்த முறைதான். கனடாவில் கியூபெக் பல்கலைக்கழகத்தின் ட்ருவா-ரிவியேர் வளாகத்திலும் டீல் உடல்கள் இருக்கின்றன. மார்பை அழுத்தி உயிர் கொடுக்கிற சமயத்தில் நுரையீரலுக்குள் காற்று எப்படிப் போய் வருகிறது என்று அவற்றில் ஆராய்ந்திருக்கிறார்கள். டீல் உடல்களையும் பயன்படுத்தி 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அழுத்தும்போது நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றுக்குழாய்கள் மூடிக்கொள்வதையும், மூச்சில் வெளிவருவதை மானிட்டரில் காட்டுகிற கார்பன்-டை-ஆக்சைடு கோடு அதனால் மாறுவதையும் காட்டியது. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நாம் ஆளின் நிலைமையையே கணிக்கிறோம். பொம்மையில் இது தெரியவே தெரியாது, உயிரோடு இருக்கிறவரிடம் சோதித்துப் பார்க்கவும் முடியாது.

டீல் முறைக்குச் செலவு அதிகம், மாதக்கணக்கில் தொட்டியில் ஊறப்போட வேண்டும். அதனால் பல இடங்களில் உடலைப் பதப்படுத்தாமல் உறைய வைத்து, தேவைப்படும்போது உருக வைத்துப் பயன்படுத்துகிறார்கள். தைவானில் ஹுவாலியன் நகரத்துச் சூச்சி பல்கலைக்கழகத்தில் அப்படித் தரப்படும் உடல்களுக்கு 'மௌன ஆசான்' என்று பெயர். மாணவர்கள் முன்கூட்டியே அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்க்கிறார்கள். மேஜைக்கு அருகே அவருடைய படமும் வாழ்க்கைக் குறிப்பும் இருக்கும். யார் மேல் பழகுகிறோம் என்று தெரிந்தே பழகுகிறார்கள். நம் பக்கத்தில் பல கல்லூரிகளில் முதல் நாள் உறுதிமொழி எடுக்கிற பழக்கம் வந்திருக்கிறது, நல்ல விஷயம். பெயர் தெரிந்து, குடும்பத்தைப் பார்த்து, என்கிற அளவுக்கு நான் வேலை பார்த்த இடங்களில் போனதில்லை. பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள், ஒருவேளை அவருக்குக் கொஞ்சம் சமாதானமாக இருக்கும்.

ஒரு குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிசெக்‌ஷனுக்கு வருகிற உடல்கள் பெரும்பாலும் வயதானவர்களுடையவை, மெலிந்தவை. விபத்தில் வருகிறவர்களோ இளவட்டங்கள். எழுபது வயது உடலின் மார்புச் சுவரை அளந்துவிட்டு இருபத்தைந்து வயதுப் பையனுக்கு விதி எழுதக் கூடாது. உடலில் அளந்ததைச் சி.டி.யில் சரிபார்ப்பது அதனால்தான்.

அடுத்து, சொல்லிக்கொடுக்கிற முறையையே சோதிப்பது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பால் மெக்மெனமின் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 52 மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு இதயத்தை நிஜ உடலுறுப்பு வைத்துப் படித்தது, ஒரு குழு 3டி பிரிண்டரில் அச்சிட்ட இதயத்தை வைத்துப் படித்தது, மூன்றாவது குழுவுக்கு இரண்டும். பரீட்சையில் அச்சு இதயத்தை வைத்துப் படித்தவர்கள்தான் முந்தினார்கள், ஏறக்குறைய 61 விழுக்காடு. மற்ற இரண்டு குழுவும் 45ஐ ஒட்டி. டிசெக்‌ஷனே கதி என்றிருந்த எங்கள் தலைமுறை ஆட்களுக்கு இது கொஞ்சம் கசப்பு மாத்திரைதான்.

ஆனால் அந்தப் பரீட்சை கேட்டது இதயத்தின் வெளித்தோற்றத்தை, அதுவும் படித்து முடித்த கையோடு. ஆளுக்கு ஆள் உறுப்புகள் மாறுகிற விதம், சதையின் எதிர்ப்பு, ஆழம் இதெல்லாம் அந்தத் தாளில் இல்லை. எதைக் கேட்கிறோமோ அதில்தான் ஜெயிப்பார்கள். இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவருக்கு முக்கியமான திறமை நல்ல பாடம் நடத்துவதைவிட நல்ல சோதனையை அமைப்பது என்பது என் எண்ணம். மாணவனுக்குப் பிடித்திருந்ததா என்று ஐந்து ஸ்மைலி போட்டுப் படிவம் கொடுத்தால் எல்லாரும் சிரிக்கிற முகத்தில்தான் டிக் போடுவார்கள். ஆறு மாதம் கழித்து ராத்திரி மூன்று மணிக்கு அவன் விரல் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. சி.பி.ஆர்., அதாவது மார்பை அழுத்தி உயிர் கொடுக்கிற பயிற்சி எடுத்தவர்களின் கைத்திறன் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மங்கிவிடுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அனாட்டமி மட்டும் தங்கிவிடுமா என்ன?

வேலைவாய்ப்பைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. வெளிநாடுகளில் ஆம்புலன்ஸ் பணி பட்டப்படிப்பாகவே ஆகிவிட்டது. பிரிட்டனில் புதிதாகப் பதிவு செய்கிற பாராமெடிக் (ஆம்புலன்ஸில் சிகிச்சை தருகிறவர்) பட்டப்படிப்பு வழியாகத்தான் வர வேண்டும் என்ற நிலை 2021இல் வந்தது. ஆஸ்திரேலியாவில் 2018 டிசம்பரிலிருந்து தேசியப் பதிவு. தென்னாப்பிரிக்காவில் நான்கு வருடப் பட்டமே உண்டு. நம் ஆட்கள் தலைமுறைகளாக வாழும் டர்பன் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அது இருக்கிறது. பட்டப்படிப்பு என்றால் அனாட்டமி சொல்லித்தர ஆள் வேண்டும். ஆம்புலன்ஸில் வேலை பார்த்த அனுபவத்தோடு ஆராய்ச்சியும் செய்தவரை அங்கே தேடித்தான் பிடிக்கிறார்கள்.

இங்கே? தமிழ்நாட்டில் 108 சேவை வந்தது 2008இல். எம்.டி. எமர்ஜென்சி மெடிசின் என்ற படிப்புக்கு நாட்டில் அங்கீகாரம் கிடைத்ததே 2009இல்தான். 2021இல் துணை மருத்துவத் துறைகளுக்கென்று தேசிய அளவில் சட்டம் வந்தது. அதே வருடம் டிசம்பரில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் வந்தது. ஆக எல்லாமே புதுசு. இந்தப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு ஆராய்ச்சிப் பாதை இன்னும் தார் போடாத சாலைதான், மறைக்க வேண்டியதில்லை. சம்பளம் முதல் சில வருடம் சுமாராகத்தான் இருக்கும். பல கல்லூரிகளில் இவர்களுக்கான அனாட்டமி பாடம் இன்னும் எம்.பி.பி.எஸ். நோட்ஸைச் சுருக்கி நடத்துவதாகவே இருக்கிறது. மூளை நரம்புகள் பன்னிரண்டையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்வார்கள், தொண்டைச் சவ்வைத் தொட்டுக் காட்டச் சொல்ல மாட்டார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நடத்தினேன்.

அவள் பி.எச்டி. பற்றி இப்போதே யோசிக்க வேண்டாம். முதலில் தன் பிரிவுத் தலைவரையும் பக்கத்துக் கல்லூரியின் அனாட்டமி ஆசிரியர் ஒருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க வேண்டும். இந்த இரண்டு பேரும் ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள். அதன் பிறகு, நான் ஸ்டிக்கர் வைத்துச் சொதப்பிய அதே சோதனையை ஒழுங்காகச் செய்யச் சொல்லுங்கள். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, மார்பைக் காட்டச் சம்மதிக்கிற மூன்று பேர் (ஒருவர் ஒல்லி, ஒருவர் நடுத்தரம், ஒருவர் பருமன்), தன்னோடு வேலை பார்க்கிற நர்ஸ்கள், டெக்னீஷியன்கள், ஹவுஸ் சர்ஜன்கள். ஒவ்வொருவரையும் தனியாக உள்ளே அழைத்து முதலில் வாயால் சொல்லச் சொல்ல வேண்டும், பிறகு புள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். சரியான இடத்தை அல்ட்ராசவுண்ட் தெரிந்த ஒருவர் முன்கூட்டியே குறித்திருக்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் தள்ளிப் போனது, எந்தத் திசையில் என்று அளந்தால் போதும்.

புள்ளி அடுத்தவர் கண்ணில் படாமல் இருக்க வழி சொல்கிறேன் என்றேனே. பிள்ளைகள் ரகசியம் எழுதி விளையாடுகிற மேஜிக் பேனா ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். எழுதினால் தெரியாது, மூடியில் இருக்கிற நீல விளக்கை அடித்தால்தான் தெரியும். தோலில் அலர்ஜி வருகிறதா என்று தன் கையில் முதல் நாளே போட்டுப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒவ்வொருவர் வைத்த புள்ளியையும் அளந்து எழுதிய உடனே ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஐந்தாவது ஆள் போன பிறகு விளக்கை அடிக்கும்போது மார்பு முழுக்க நட்சத்திரம் மாதிரி மின்னும், யார் புள்ளி எது என்று அவளுக்கே தெரியாது.